பக்டீரியாப் பவுடர் போட்டும் கண்டு சாகுதோ? அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிக்கிற வழி

மாசத்துக்கு நாலு பேராவது போன் எடுத்துக் கேக்கிறது ஒரே கேள்விதான், "சூடோமோனாஸ் போட்டனான் அண்ணை, ஒண்டும் நடக்கேல்லை, காசு போனதுதான் மிச்சம்". ஒவ்வொருத்தருக்கும் அரை மணித்தியாலம் கதைச்சு வாய் நொந்துபோச்சு, அதுதான் எழுதி வைக்கிறன். எனக்குக் கிளிநொச்சிப் பக்கம் ரெண்டரை ஏக்கர் வயல், கிணத்தோட ஒரு துண்டுத் தோட்டம், மிளகாய் கத்தரி தக்காளி எண்டு மாறி மாறி நடுறது. 2021ல இரசாயனப் பசளையும் மருந்தும் இறக்கக்கூடாது எண்டு நிப்பாட்டின நேரம்தான் வேற வழியில்லாமல் இதுக்குள்ள இறங்கினன், அந்த வருசக் கடைசியில தடையை எடுத்தாப் பிறகும் விடேல்லை. இவ்வளவு காலத்தில செய்யாத பிழை இல்லை.

இங்க கதைக்கிறது ரெண்டே ரெண்டு சாமான். ஒண்டு சூடோமோனாஸ் புளோரசென்ஸ், அனேகமா வெள்ளை டால்க் மாவில கலந்து வரும். மற்றது பசிலஸ் சப்டிலிஸ், பவுடராயும் வரும் போத்திலாயும் வரும். ரெண்டும் வேரைச் சுத்திக் குடியிருந்துகொண்டு, நோய்ப் பூஞ்சணத்துக்கு ஆகாத அன்டிபயோட்டிக்கைத் தாங்களே கொஞ்சம் கொஞ்சமாச் சுரக்கிற ஆக்கள். குடியிருந்தால்தான் சுரக்கும், செத்தது சுரக்காது, அவ்வளவுதான் தியறி. ட்ரைக்கோடெர்மா இந்தக் கணக்கில இல்லை, அது பூஞ்சணம், அதுக்குச் சட்டம் வேற.

உங்கட பயிரில என்ன தெரியுதோ அந்தத் தலைப்புக்கு நேர போங்கோ. காசில்லாத காரணத்தை முன்னுக்கு எழுதியிருக்கிறன், காசு முடியிறது பின்னுக்கு.

நாற்றுமேடையில கண்டு கழுத்தில நனைஞ்ச மாதிரி ஆகிச் சாயுது

முதல் பாக்கிறது தண்ணி. மேல்மண்ணில ஒரு பிடி எடுத்துப் பொத்தி நெரியுங்கோ, விரலுக்குள்ளால தண்ணி வடிஞ்சால் பவுடரைப் பற்றிக் கதைக்கவே தேவையில்லை. காலமையும் பின்னேரமும் பூவாளியால ஊத்திக்கொண்டு இருந்தால் எந்தப் பக்டீரியா வந்தும் காப்பாத்தாது. வெள்ளண ஒருக்கா மட்டும் ஊத்துங்கோ, பொழுதுபடேக்க மேல்மண் காய்ஞ்சு இருக்கவேணும்.

பிறகு நெருக்கம். விதை விலைக்கு வேண்டினது எண்டு ஒண்டும் வீணாப்போகக்கூடாது எண்டு அள்ளித் தூவுறது, பேந்து கண்டுக்குள்ள காத்துப் போக இடமில்லை. இடைக்கிடை பிடுங்கிக் கலைச்சு விடுங்கோ. மனசு வராது, எண்டாலும் செய்யுங்கோ.

மூண்டாவது எரு. மேடைக்குப் போட்ட மாட்டெருவுக்குள்ளயோ கோழியெருவுக்குள்ளயோ கையை விட்டுப் பாருங்கோ, உள்ளுக்குச் சூடு கிடந்தால் அது மக்கேல்லை. மக்காத எருவில நோய்ப் பூஞ்சணம்தான் முதல் சாப்பாடு எடுக்கும், நீங்கள் போட்ட ஆள் பிந்தித்தான் பந்திக்கு வருவார்.

இந்த மூண்டும் சரி, பவுடரும் போட்டனான் எண்டால் அடுத்த கேள்வி, எப்ப போட்டனீங்கள்? சாயத் தொடங்கினாப் பிறகு எண்டால் பிந்திப்போச்சு. சரிஞ்ச கண்டை அது நிமித்தாது, பக்கத்தில நிக்கிறதை வேணுமெண்டால் கொஞ்சம் காப்பாத்தும். இது விதையிலயே தொடங்க வேண்டிய வேலை. ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் கணக்கு, நாங்கள் விதைக்கிற சின்னப் பைக்கற்றுக்கு ஒரு சிட்டிகை காணும். ஆறின கஞ்சித்தண்ணி ரெண்டு சொட்டு விட்டு விதையைப் பிசுபிசுப்பாக்கி, பவுடரைப் போட்டு உருட்டி, நிழலில உலத்தி, அண்டைக்கே விதைக்கவேணும். வெயிலில பேப்பர் விரிச்சு உலத்தினால் போட்டதும் போச்சு.

சிவப்பு, பச்சை, நீலம் எண்டு சாயம் பூசின விதை எண்டால் அதில கொம்பனியே பூஞ்சண மருந்து பூசியிருக்கும். அதைக் கழுவவும் வேண்டாம், மேல பவுடர் பிரட்டவும் வேண்டாம், பவுடரை நல்லா மக்கின எருவோட கலந்து மேடை மண்ணுக்குள்ள போடுங்கோ.

மேடைக்கு வைக்கலும் உமியும் அடுக்கி எரிக்கிற ஆக்கள் ஒரு ஒழுங்கைக் கவனியுங்கோ. எரிச்சு, ஆறவிட்டு, அதுக்குப் பிறகுதான் பவுடர். போன வருசம் ஒரு தம்பி பவுடரும் எருவும் போட்டு வடிவாக் கொத்திப்போட்டு அதுக்கு மேல வைக்கல் அடுக்கி நெருப்பு வைச்சிருக்கிறார், கேட்டால் "ரெண்டும் செய்தால் டபுள் தானே அண்ணை" எண்டுறார். தெளிஞ்ச பொலித்தீனால மூடி வெயிலில சுட விடுற ஆக்களுக்கும் இதே ஒழுங்குதான், சித்திரை வைகாசி வெயிலில ஒரு மாசம், ஒண்டரை மாசம் மூடி வைச்சு, எடுத்தாப் பிறகு பவுடர். சுட்ட மண் ஆளில்லாத வீடு மாதிரி, முதல் வாற ஆள் குடியேறிடுவார், அது எங்கட ஆளா இருக்கவேணும்.

இவ்வளவும் செய்து ரெண்டு முறை சரிஞ்சுதெண்டால் மேடையை இடம் மாத்துங்கோ, இல்லாட்டி தும்புத்தூளும் நாற்றுத்தட்டும் வேண்டுங்கோ. மூண்டாம் முறையும் சரிஞ்சால் இனி நாங்கள் கதைச்சு வேலையில்லை, கடைசித் தலைப்பைப் பாருங்கோ.

நட்ட கண்டு, இலை பச்சையா இருக்கத்தக்கதாவே வாடுது

இதுதான் ஆக்களின்ர காசைக் கூடத் தின்னுற அறிகுறி. தக்காளி, கத்தரி, மிளகாய் மூண்டிலயும் வரும். மத்தியானம் தொங்கும், பின்னேரம் நிமிரும், அடுத்த நாள் தொங்கினது தொங்கினபடி. உடன கடைக்கு ஓடி இன்னொரு பவுடர் வேண்டாதேங்கோ, முதல் ஒரு கண்ணாடிக் கிளாஸ் எடுங்கோ.

வாடின கண்டு ஒண்டைக் கிழங்கு கிண்டுற மாதிரி வேரோட கிண்டி எடுங்கோ, இழுத்தால் வேர் அறுந்துபோகும். கழுத்தையும் வேரையும் முதல் கண்ணால பாருங்கோ, ஒண்டும் கழுவாமல். பிறகு நிலத்துக்குக் கிட்டவா உள்ள தண்டில ஒரு விரல் நீளத்துக்குப் புதுப் பிளேட்டால வெட்டுங்கோ. கிளாஸில தெளிஞ்ச தண்ணி நிரப்பி, கிளாஸின்ர வாயில ஈர்க்குக் குச்சி ஒண்டு வைச்சு, அதில தண்டைக் குத்தியோ கட்டியோ, வெட்டின முனை மட்டும் தண்ணிக்குள்ள தொடுற மாதிரித் தொங்க விடுங்கோ. கிளாஸுக்குப் பின்னால கறுப்புத்துணி ஏதாவது பிடிச்சால் நல்லது. ஆட்டக்கூடாது. ரெண்டு மூண்டு நிமிசம், கூடிப்போனால் பத்து நிமிசம். அதுக்குள்ள பால் நூல் மாதிரி ஒண்டு வெட்டுவாயில இருந்து நேர கீழ இறங்கும். முதல் தரம் பாக்கேக்க எனக்கு உடம்பு கூசினது, ஒரு கண்டுக்குள்ள இவ்வளவு கிடந்ததோ எண்டு.

*பால்நூல் இறங்கினால்:* பக்டீரியா வாடல், ரால்ஸ்டோனியா. உங்கட பவுடர் இதைக் குணமாக்காது, எந்தப் பவுடரும் குணமாக்காது. வாடினதையும் அதுக்கு அக்கம்பக்கத்தில நிக்கிறதையும் வேர்மண்ணோட அள்ளி உரபாக்கில போட்டு வெளியில கொண்டுபோய் எரிச்சு விடுங்கோ. அந்தப் பாத்தித் தண்ணி மற்றப் பாத்திக்கு ஓடாமல் வாய்க்காலை மறியுங்கோ. மண்வெட்டியைக் கழுவுங்கோ, செருப்பையும்தான். அந்தத் துண்டில தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு நாலும் இனிக் கொஞ்சக் காலத்துக்கு வேண்டாம், வெங்காயமோ சோளமோ போடுங்கோ, வயல் நிலம் எண்டால் நெல்லு விதைச்சுத் தண்ணி கட்டுங்கோ. திரும்ப நடேக்க கண்டின்ர வேரைப் பவுடர்க் கரைசலில நனைச்சு நடுறது ஒரு உதவி, ஆனால் நோய் முத்தின மண்ணில அதை மட்டும் நம்பி நட்டு நான் ரெண்டு தரம் ஏமாந்தனான். காசு கூடினாலும் சுண்டங்காய்க் கண்டில ஒட்டின தக்காளி, கத்தரிதான் அந்த மண்ணில நிண்டு பிடிக்கும்.

*நூல் ஒண்டும் வரேல்லை, தண்டை நெடுக்காப் பிளந்தால் உள்ள மண்ணிறக் கோடு:* பியூசேரியம் வாடல், பூஞ்சணம். இங்கதான் எங்கட பவுடருக்கு வேலை இருக்கு, ஆனால் வாடின கண்டுக்கு இல்லை, வாடாமல் நிக்கிறதுக்கு. லீற்றருக்கு 5 கிராம் கரைச்சு அடியில ஊத்துங்கோ, ரெண்டு கிழமையால இன்னொருக்கா.

*கழுத்தில வெள்ளைப் பஞ்சு, அதில கடுகு மாதிரி மணி:* ஸ்கிளரோசியம் எண்ட பூஞ்சணம். கச்சானிலயும் இதைத்தான் காண்பீங்கள். அந்தக் கடுகுதான் வித்து, வருசக்கணக்கா மண்ணுக்குள்ள கிடக்கும், அதால கண்டைப் பிடுங்கேக்க உதறாதேங்கோ, சுத்தியுள்ள மண்ணோட அள்ளுங்கோ. கீழ்மண் மேல வரத்தக்கதா ஆழமா உழுது புரட்டுறதுதான் இதுக்கு மலிவான வைத்தியம், பவுடர் அதுக்குத் துணை.

*வேரில முடிச்சு முடிச்சா வீக்கம்:* வட்டப்புழு. பயறு, பயித்தை வேரிலயும் முடிச்சு இருக்கும், அது நல்ல முடிச்சு, நகத்தால தட்டக் கழண்டு விழும், குழம்பாதேங்கோ.

*ஒண்டுமே இல்லை:* வேர் கறுத்து நாறுதோ பாருங்கோ, தண்ணி நிண்டிருக்கும். கறையான் அரிச்சிருக்கோ பாருங்கோ. செம்மண் மேட்டுக்காணியில கறையானை நோய் எண்டு நினைச்சுப் பவுடர் ஊத்தின ஆள் நானும்தான்.

போன போகம் வடிவா வேலை செய்தது, இந்தமுறை ஒண்டுமில்லை

அதே பவுடர், அதே கடை, அதே அளவு, அதே ஆள். அப்ப மாறினது என்ன? அனேகமா தண்ணி, இல்லாட்டி டாங்கி.

ஒரு மாரியில எங்கட பக்கம் வெள்ளம் கிணத்துக்கட்டுக்கு மேலால ஏறி உள்ள போட்டுது. வெள்ளம் வடிஞ்ச பிறகு வந்து கிணறு இறைச்சுக் குளோரின் போட்டுட்டுப் போனவை, நல்ல விசயம்தான், பிள்ளையள் குடிக்கிற தண்ணி. நான் அந்தக் கிழமையே அதே தண்ணியில 16 லீற்றர் டாங்கிக்கு 80 கிராம் கரைச்சு மிளகாய்க்கு அடியும் ஊத்தி இலைக்கும் அடிச்சன். ஒரு மாசம் விட்டுப் பாத்தால் பக்கத்துக் காணியில ஒண்டும் போடாத மிளகாய்க்கும் என்ர மிளகாய்க்கும் வித்தியாசமே இல்லை. கடைக்காரரோட போய்ச் சண்டை பிடிச்சன், கள்ளப் பவுடர் தந்தனீர் எண்டு. பாவம் மனுசன். வீட்டை வந்து முகம் கழுவேக்கதான் மூக்கில அடிச்சுது அந்த மணம். கிருமியைக் கொல்லப் போட்ட சாமான் நல்ல பக்டீரியா கெட்ட பக்டீரியா எண்டு பாக்குமோ?

அதால தண்ணி விசயத்தில என்ர ஒழுங்கு இதுதான். கிணத்துக்குக் குளோரின் போட்டிருந்தாலோ குழாய்த்தண்ணி எண்டாலோ, வாய் திறந்த பரலில நிரப்பி ரெண்டு நாள் வெயிலில விடுறது, இடைக்கிடை தடியால கலக்கிறது, அதுக்குப் பிறகுதான் பவுடர் கரைக்கிறது. மணம் இல்லை எண்டதை நம்பி அவசரப்படாதேங்கோ, கொஞ்சமாக் கிடந்தால் மூக்குக்குத் தெரியாது. அவசரம் எண்டால் குளத்துத் தண்ணியோ சேர்த்துவைச்ச மழைத்தண்ணியோ எடுங்கோ. கேத்தில் அடியில சுண்ணாம்பு படியிற கிணத்துத்தண்ணியால பவுடர் பழுதானதா நான் காணேல்லை, உவர்த்தண்ணி எண்டால் மட்டும் பாவிக்கமாட்டன்.

தண்ணி சரி எண்டால் டாங்கி. அதே டாங்கியால முந்தின கிழமை கொப்பர் மருந்தோ போர்டோக் கலவையோ அடிச்சிருந்தால் அடியில படிஞ்சு கிடக்கும். கொப்பர் பக்டீரியாவுக்கு நஞ்சு. மூண்டு தரம் கழுவி, குழாயையும் நொசிலையும் கழட்டிக் கழுவி, அதுக்குப் பிறகும் எனக்கு நம்பிக்கை இல்லை எண்டு பக்டீரியாவுக்கு மட்டும் ஒரு பழைய டாங்கியை ஒதுக்கி வைச்சிருக்கிறன், பச்சைப் பெயின்ற் பூசி, ஒருத்தருக்கும் இரவல் குடுக்கிறேல்லை. ஒரே டாங்கியில ரெண்டையும் சேத்துக் கலக்கிறதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பயிருக்குக் கொப்பர் அடிச்சால் அதுக்கும் பவுடருக்கும் இடையில நான் 10 நாளாவது விடுறனான்.

இன்னொண்டு, இதை எழுதக் கூச்சமாக் கிடக்கு, எண்டாலும் நடக்குது. ஆசுபத்திரியில தந்து மிஞ்சின அன்டிபயோட்டிக் கப்சூலை உடைச்சு டாங்கியில போடுற ஆக்கள் இருக்கினம், பக்டீரியா வாடலுக்கு நல்லதாம். வாடல் நிக்காது, நீங்கள் காசு குடுத்துப் போட்ட பக்டீரியாதான் முதல் சாகும், அதுக்கு மேல மருந்துக்கு அடங்காத கிருமியைச் சொந்தக் காணியிலயே வளக்கிற வேலை அது. செய்யாதேங்கோ.

தண்ணியும் டாங்கியும் சரி எண்டால் நேரம். காலமை பத்து மணிக்கு அடிச்சிருந்தால் வெயில் கொண்டுபோயிருக்கும். பொழுதுபடத்தான் அடிக்கிறது, மண் ஈரமா இருக்கேக்க. சோளகக் காத்துக் காலத்தில மண் ரெண்டு நாளில பறக்கும், அப்ப இலைக்கு அடிக்கிறதை விட்டுட்டு அடியில ஊத்தி, மேல வைக்கலால மூடி விடுங்கோ. வெறும் செம்மண்ணில எரு ஒண்டும் இல்லாமல் ஊத்திறதும் இப்பிடித்தான், குடியிருக்க வந்த ஆளுக்குச் சாப்பாடு இல்லை.

பவுடரே சரியோ எண்டு சந்தேகம்

முதல் திகதி. விக்கிற திகதி இல்லை, செய்த திகதி. சூடோமோனாஸ் டால்க் பவுடர் செய்து மூண்டு நாலு மாசத்துக்குள்ள பாவிச்சால் நல்லது, அதுக்குப் பிறகு உயிரோட கிடக்கிற தொகை இறங்கிக்கொண்டே போகும், அட்டையில ஒரு வருசம் எண்டு போட்டிருந்தாலும் எங்கட வெக்கைக்கு அந்தக் கணக்குச் சரிவராது. இந்தப் பக்டீரியா 41 பாகைச் சூட்டில வளராத சாதி. தகரக் கொட்டிலுக்குள்ள மத்தியானம் போய் நிண்டு பாருங்கோ, உங்களுக்கே ஏலாது. மோட்டச்சைக்கிள் பெட்டிக்குள்ள போட்டு வவுனியாவில இருந்து முல்லைத்தீவு மட்டும் வெயிலுக்கால கொண்டுவந்த பவுடரும் அப்பிடித்தான். வேண்டேக்க கடையில அது எங்க கிடந்தது எண்டு பாருங்கோ, கண்ணாடி ஷோகேசில வெயில் படக் கிடந்தால் விட்டுட்டு வாங்கோ. வீட்டில மண்பானைக்குப் பக்கத்தில, குளிர்ச்சியான மூலையில வையுங்கோ.

பசிலஸ் இதில கெட்டிக்காரன், வெக்கை வந்தால் ஓடு மாதிரிப் போர்த்துக்கொண்டு கிடப்பான், ஈரம் கண்டால் எழும்புவான். கொண்டுவாற வழி நீளம், வைக்க இடமில்லை எண்ட ஆக்களுக்கு நான் பசிலஸைத்தான் சொல்லுறனான்.

கட்டிபட்டுக் கிடந்தால் ஈரம் போயிருக்கு, அழுகல் மணம் அடிச்சால் வேற ஏதோ வளந்திருக்கு, ரெண்டையும் எருக்குழிக்குள்ள கொட்டுங்கோ. கண்ணுக்கு நல்லாத்தான் கிடக்கு, உயிர் இருக்கோ தெரியேல்லை எண்டால் நான் செய்யிற வேலை ஒண்டு இருக்கு. கண்டு செத்த மேடையில இருந்தே மண் அள்ளி ரெண்டு தட்டில போடுறது, ஒரே விதையில எண்ணி 50, 50, ஒண்டுக்குப் பவுடர் பிரட்டினது மற்றதுக்குச் சும்மா, ஒரே நிழல் ஒரே தண்ணி. ரெண்டு கிழமையில ரெண்டு தட்டிலயும் நிக்கிறதை எண்ணுங்கோ. ரெண்டும் ஒரே அளவாச் சரிஞ்சால் அந்தப் பைக்கற்றில நம்பிக்கை வைக்காதேங்கோ. ரெண்டிலயும் ஒண்டும் சரியேல்லை எண்டால் மண்ணில நோய் இல்லை, சோதனை செல்லாது, வேற மண்ணில திரும்பச் செய்யவேணும். அவசரக்காரருக்கு இது சரிவராது.

பரலில பெருக்கினனான், நாறுது

நாறும்தானே. சர்க்கரையும் தண்ணியும் விட்டு ஒரு பைக்கற் பவுடர் போட்டு மூடி வைச்சால் பெருகும், மெய்தான், ஆனால் என்ன பெருகினது எண்டு ஆருக்குத் தெரியும்? பரலில முந்தி இருந்தது, காத்தில வந்தது, உங்கட கையில இருந்தது எல்லாம் சேந்து பெருகும். இதே சூடோமோனாஸ் குடும்பத்தில மனுசருக்குப் புண்ணில சீழ் வைக்கிற சொந்தக்காரரும் இருக்கினம். ஆய்வுகூடத்தில பாத்திரத்தை அவிச்சுச் சுத்தமாக்கிச் செய்யிற வேலையை முத்தத்தில பரல் வைச்சுச் செய்யேலாது. நாறுறதைக் கண்டுக்கு ஊத்தாதேங்கோ, மரக்கறி இலைக்கு மேல அறவே கூடாது. பைக்கற்றைக் கரைச்ச அண்டைக்கே பாவிச்சு முடிக்கிறதுதான் மலிவு. டால்க் மாவு தட்டேக்க மூக்கை மூடுங்கோ, கையில வெட்டுக்காயம் கிடந்தால் உறை போடுங்கோ.

வயலில இலையில புள்ளி, மடலில கருகல்

எது எண்டு பிரிச்சுப் பாக்காமல் அடிக்காதேங்கோ.

புள்ளி ரெண்டு பக்கமும் கூராகி, நடுவில சாம்பல், கரை மண்ணிறம் எண்டால் எரிபந்தம். சின்ன வட்டமா எள்ளு தூவின மாதிரி எண்டால் கபிலப்புள்ளி, அது அனேகமா மண்ணில சத்தில்லை எண்டு சொல்லுற குறி, அங்க பக்டீரியாவை விடப் பசளைதான் கதைக்கும். தண்ணிமட்டத்துக்குக் கிட்ட மடலில பாம்புத்தோல் மாதிரி நீள்வட்டத் திட்டுகள் மேல ஏறிக்கொண்டு போனால் மடல் கருகல். இலை நுனியில இருந்து கரையால அலை அலையா மஞ்சளாகி வெளிறினால் பக்டீரியா இலைக்கருகல், இதுக்கும் கிளாஸ் சோதனை செய்யலாம், இலையை வெட்டித் தண்ணியில விட்டால் வெட்டுவாயில கலங்கும்.

எது எண்டாலும் முதல் கேள்வி யூரியா. பச்சை கறுக்கவேணும் எண்டு ஒரே தரத்தில கொட்டின வயலில எரிபந்தமும் மடல் கருகலும் வீடு தேடி வரும். அடுத்த யூரியாவை நிப்பாட்டுங்கோ, காசில்லாத வைத்தியம்.

பவுடர் எரிபந்தத்துக்கும் மடல் கருகலுக்கும் எடுபடும், ஆனால் விதையில தொடங்கினால் மட்டும். முளைகட்டி விதைக்கிற ஆக்களுக்குச் சுகம்: ஒரு கிலோ விதைநெல்லுக்கு 10 கிராம், ஒரு லீற்றர் தண்ணி, இரவு முழுக்க ஊற விட்டு, வடிச்சு, சாக்கில கட்டி ஒரு நாள் முளைக்க விட்டு விதைக்கிறது. பிறகு ஏக்கருக்கு ஒரு கிலோ பவுடரை 20 கிலோ மக்கின எருவோட கலந்து ஈரமண்ணில வீசுறது, பிறகு வேணுமெண்டால் லீற்றருக்கு 2 கிராம் கரைச்சு இலைக்கு அடிக்கிறது. லேபிளில வேற அளவு போட்டிருந்தால் லேபிளைக் கேளுங்கோ, என்னைக் கேக்காதேங்கோ.

காலபோகத்துக்குப் புழுதியில விதைச்சுப்போட்டு மழையைப் பாத்துக்கொண்டு இருக்கிற ஆக்களுக்குத்தான் சிக்கல். சூடோமோனாஸ் பிரட்டின விதை ரெண்டு கிழமை காய்ஞ்ச புழுதிக்குள்ள கிடந்தால் பக்டீரியா மிஞ்சாது. அங்க நான் பசிலஸ்தான் பாவிக்கிறனான், இல்லாட்டி விதையை விட்டுட்டு முதல் மழைக்குப் பிறகு எருவோட வீசுறது.

கதிர்க் கழுத்துக் கறுத்தாப் பிறகு பவுடர் தேடி அலையாதேங்கோ, அது கைமீறின கட்டம், அண்டைக்கே விவசாயப் போதனாசிரியரிட்டக் கேட்டு மருந்து எடுக்கிற வேலை. ஜப்பானில கண்டுபிடிச்சு ஆசியா முழுக்க மடல் கருகலுக்கு அடிச்ச வலிடமைசின் கூட ஸ்ட்ரெப்டோமைசஸ் எண்ட பக்டீரியா சுரந்த அன்டிபயோட்டிக்தான், பிரிச்செடுத்துப் போத்திலில அடைச்சது. அதை நோய் கண்டாப் பிறகும் அடிக்கலாம், உயிர்ப்பவுடரை அப்பிடி ஏலாது, ரெண்டையும் குழப்பிறதாலதான் பாதிப் பேர் ஏமாறுகினம். அவுஸ்திரேலியாவில அடிலெய்டில அலன் கெர் எண்ட விஞ்ஞானி பழமரங்களின்ர கழலை நோய்க்குக் கே 84 எண்டொரு பக்டீரியாவைக் கண்டுபிடிச்சவர், உலகம் முழுக்கப் பேர்போன சாமான், அதையே நடமுன்னம் வேரை நனைச்சால்தான் பலன், கழலை வந்தாப் பிறகு கரைக்காது.

நொசில் அடைக்குது, இலையில வெள்ளை படியுது, இலை சுருளுது

அடைக்கிறது டால்க் மாவு. வாளியில கரைச்சு அரைமணித்தியாலம் ஊற விட்டு, பழைய வேட்டித்துண்டால வடிச்சு டாங்கியில ஊத்துங்கோ, அடியில மண்டி மிஞ்சினால் கண்டடியில கொட்டுங்கோ. வெள்ளைப் படிவும் அந்த மாவுதான், மழைக்குக் கழுவுப்படும்.

இலை சுருண்டு, நரம்பு விரல் மாதிரி நீண்டு கோணினால் பவுடரில பிழை இல்லை, டாங்கியில முந்திக் களைமருந்து அடிச்சனீங்களோ எண்டு யோசியுங்கோ. வயலுக்கு எம்.சி.பி.ஏ. அடிச்ச டாங்கியால தக்காளிக்கு அடிச்சால் இந்தக் கோலம்தான் வரும். மிளகாய் நுனி குறுகிச் சுருண்டால் இலைப்பேன், சிற்றுண்ணி, இல்லாட்டி வைரஸ். இலைக்குக் கீழ்ப்பக்கம் திருப்பிப் பாருங்கோ, பக்டீரியாப் பவுடருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

எப்ப ஆளைக் கூப்பிடுறது

பால்நூல் வந்த கண்டு ஒரு பாத்தியோட நிக்காமல் அங்க இங்க எண்டு துலையில உள்ள இடங்களிலயும் வந்தால், வயலில திட்டு ரெண்டு மூண்டு நாளில இரட்டிப்பானால், மேடை மூண்டு தரம் சரிஞ்சால், கிளாஸ் சோதனையிலயும் கண்பார்வையிலயும் ஒண்டும் அகப்படாமல் கண்டு சாகுதெண்டால், இனி வீட்டு வைத்தியம் வேண்டாம். உங்கட பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கூப்பிடுங்கோ, கமநல சேவை நிலையத்தில கேட்டால் ஆள் ஆர் எண்டு சொல்லுவினம். கையோட கதைக்கவேணும் எண்டால் விவசாயத் திணைக்களத்தின்ர 1920 நம்பர் இருக்கு. ஆய்வுகூடத்துக்கு அனுப்பிறதெண்டால் எங்க அனுப்பிறது எண்டும் போதனாசிரியரைத்தான் கேக்கவேணும்.

போகேக்க வெறுங்கையோட போகாதேங்கோ, செத்துக் காய்ஞ்ச கண்டையும் கொண்டுபோகாதேங்கோ, அதில ஒண்டும் தெரியாது. இப்பதான் வாடத் தொடங்கினது ஒண்டு, பாதி வாடினது ஒண்டு, நல்லா நிக்கிறது ஒண்டு, மூண்டையும் வேர்மண்ணோட எடுத்துப் பேப்பரில சுத்துங்கோ. பொலித்தீனில கட்டி வெயிலில கொண்டுபோனால் அவிஞ்சு போய்ச் சேரும். துண்டில என்ன இனம், எப்ப நட்டது, என்ன பவுடர், எந்தத் திகதி செய்தது, எந்தத் தண்ணி, அதுக்கு முன்னம் பின்னம் என்ன அடிச்சது எண்டு எழுதுங்கோ, கப்சூல் போட்டிருந்தால் வெக்கப்படாமல் அதையும் எழுதுங்கோ. வெள்ளிக்கிழமை பின்னேரம் கொண்டுபோய்க் குடுக்காதேங்கோ, சனி ஞாயிறு பூட்டின அறைக்குள்ள கிடந்து அழுகி, திங்கக்கிழமை அவையள் பாக்கிறது வேற நோயா இருக்கும்.